பொன்னழகிக்கு ஒரு முகம்

மத்தியானச் சாப்பாடு முடிந்து, பாத்திரங்களைக் கழுவிக் கவிழ்த்து, அடுப்படியைத் துடைத்துவிட்டு நிமிரும்போது சுபலட்சுமியின் இடுப்பு கொக்கி போட்டு இழுத்தது மாதிரி ஒரு பிடி பிடிக்கும். அப்படியே கொஞ்சம் நின்றுகொள்வாள். பிறகு முன்னறைக்கு வந்து, ஃபேனுக்கு நேர் கீழே தலையணையைச் சுவரில் சாய்த்து உட்கார்ந்து, மகள் விட்டுப்போன போனைக் கையில் எடுப்பாள். காரைக்குடியில் கழனிவாசல் பக்கத்து அந்த வாடகை வீட்டில், நாலு மணிக் காப்பிக்குப் பால் வைக்கிற வரைக்கும் அவளை யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள். அந்தப் பொழுது ஒன்றுதான் அவளுடையது.

மற்றதெல்லாம் அடுத்தவர் பொழுது. விடியுமுன்னே குழாயில் தண்ணீர் வரும், பிடித்து வைக்க வேண்டும். புருஷன் காளிராஜ் பஸ் டிப்போவில் மெக்கானிக். அவனுக்குச் சோறு கட்டிக் கொடுத்து அனுப்ப வேண்டும். அவன் போனதும் ஜவுளிக்கடையிலிருந்து வந்து கிடக்கிற சேலைகளுக்கு ஃபால்ஸ் தைக்க உட்கார வேண்டும். நாற்பத்தேழு வயதில் களைப்பு அவளுக்கு நாளின் முடிவில் வருகிறதாக இல்லை. காலையில் அவள் எழுந்திருக்கும்போதே அதுவும் கூட எழுந்து, கூடவே பல் விளக்கி, கூடவே நடமாடியது.

மகள் மீனாள் நர்சிங் படிக்கத் திருச்சிக்குப் போனபோது புதுப்போன் வாங்கிக்கொண்டாள். ஓரத்தில் கீறல் விழுந்த பழைய போன் வீட்டில் தங்கியது. அதில் படம் வரைகிற ஆப் ஒன்று இருந்தது. "அதை அழிச்சிரும்மா, இடத்தை அடைக்கும்" என்றாள் மகள். அழிக்கப் போன இடத்தில்தான் சுபலட்சுமி அதைத் திறந்து பார்த்தாள். விரலால் ஒரு கோடு இழுத்தாள். அது நடுங்கிக்கொண்டு போய் நின்றது. அன்றைக்கு அழிக்கவில்லை, அப்புறமும் அழிக்கவில்லை.

முதலில் வரைந்தது அடுப்பில் இருந்த குக்கரை. எல்லாவற்றையும் ஒரே தாளில் வரைந்துவிட்டு, ஆவியைச் சரி செய்யலாம் என்று அழித்தபோது பின்னாலிருந்த சுவரும் சேர்ந்து அழிந்துபோனது. அதற்குப் பிறகுதான் லேயர் எதற்கு என்று புரிந்தது. ஒன்றன்மேல் ஒன்றாக வைத்த கண்ணாடித் தாள்கள் அவை. சுவர் ஒன்றில், குக்கர் ஒன்றில், ஆவி தனியாக ஒன்றில். பக்கத்தில் உள்ள கண் போன்ற குறியைத் தொட்டால் அந்தத் தாள் மறையும், மறுபடி தொட்டால் வரும். ஆவியை எத்தனை தரம் வேண்டுமானாலும் அழித்து வரையலாம், சுவர் சுவராகவே இருக்கும். அவள் அறிந்த வாழ்க்கையில் வேறு எந்தக் காரியமும் இப்படி ஒன்றைத் தொட்டால் மற்றொன்று கெடாமல் இருந்ததில்லை.

குக்கர், கொடியில் காயும் காக்கிச் சட்டை, எதிர்வீட்டுக் கேட்டில் தலையை விட்டு மாட்டிக்கொண்ட ஆடு என்று வரைந்துகொண்டு போனாள். யாருக்கும் காட்டவில்லை. பக்கத்து வீட்டு ஆரோக்கிய ஷீலா மட்டும் பார்த்திருக்கிறாள். பள்ளத்தூரில் பள்ளிக்கூட டீச்சர். தன்னிடம் சும்மா கிடந்த தொடுபேனா ஒன்றை அவள்தான் கொடுத்தாள். மற்றபடி சொந்தபந்தம் அத்தனைக்கும் அது "சுபா போனை நோண்டிக்கிட்டு இருக்கு" என்பதுதான்.

கார்த்திகைக் கடைசியில் காளிராஜின் அண்ணன் சோணைமுத்து கோவிலூரில் புதுவீடு கட்டிப் பால் காய்ச்சினார். பந்தியெல்லாம் முடிந்து பூஜை அறை முன்னால் எல்லாரும் உட்கார்ந்திருந்தபோது அவர் பேச்சை எடுத்தார்.

"எல்லாச் சாமிக்கும் படம் மாட்டியாச்சு. நம்ம பொன்னழகிக்கு மட்டும் வெறும் பெட்டி. இனி வாரப் பிள்ளைகளுக்கு என்ன தெரியும், சொல்லுங்க?"

பொன்னழகி அந்தக் குடும்பத்து வீட்டுச் சாமி. எத்தனையோ தலைமுறைக்கு முன்னால் கல்யாணம் ஆகாமலே காய்ச்சலில் போன பெண். ஒவ்வொரு மாசியிலும் ஓர் ஓலைப் பெட்டியில் புதுச்சேலை வைத்துப் படைப்பார்கள். வருஷம் முழுக்க அந்தச் சேலைதான் சாமி. முகம் என்று ஒன்று அவளுக்கு இருந்ததே இல்லை, யாரும் கேட்டதும் இல்லை.

சோணைமுத்துவுக்கும் காளிராஜுக்கும் அக்கா அம்மாக்கண்ணு. பள்ளத்தூரில் வாக்கப்பட்டு, பிள்ளைகளைக் கட்டிக்கொடுத்து, இப்போது தனியாக இருக்கிறாள். அறுபதைத் தாண்டியும் குரல் இறங்கவில்லை.

"இதுக்கு எதுக்கு வெளிய ஆள் தேடுறீக?" என்றாள். "நம்ம சுபாதேன் போன்ல என்னமோ வரையுதே. அதுக்கென்ன, மத்தியானத்துல சும்மாதேன் கெடக்கு."

"மாசிப் படைப்புக்குள்ள ஆயிருமாத்தா?" என்று சோணைமுத்து கேட்டார்.

சுபலட்சுமி காளிராஜைப் பார்த்தாள். அவன் வெற்றிலையை மடித்துக்கொண்டிருந்தான். "ஆகும் அத்தான்" என்றாள். சட்டென்று முடித்துக் கொடுத்துவிட்டால் பிறகு தன் பொழுது தனக்கு என்று நினைத்தாள். இனிமேல் அதை நோண்டுவது என்று சொல்ல மாட்டார்கள் என்றும் ஓரமாக ஒரு நினைப்பு இருந்தது.

சோணைமுத்துவின் மகன் அக்‌ஷய், கோயம்புத்தூரில் கம்பெனி வேலையில் இருக்கிறவன், அன்றைக்கே 'பொன்னழகி துணை' என்று வாட்ஸ்அப்பில் ஒரு குரூப் தொடங்கிவிட்டான். அங்கேதான் வினை ஆரம்பித்தது.

முதல் படத்தைப் போட்டதும் அரக்குச் சேலைதான் சரி என்றது ஒரு பக்கம், மஞ்சள்தான் என்றது இன்னொரு பக்கம். மாற்றினாள். காதில் தண்டட்டி வேண்டும் என்றார்கள். வரைந்ததும், "கன்னிப்பொண்ணுக்கு யாராவது தண்டட்டி போடுவாகளா?" என்று வேறு ஒருவர். அதை எடுத்துவிட்டுத் தோடு வைத்தாள். நிறம் அதிகம் என்றார்கள், குறைத்தாள். நம்ம சாமி இவ்வளவு கறுப்பா என்றார்கள், கூட்டினாள். முகத்தில் மட்டும் யாருமே ஒத்துப்போகவில்லை. சிரிக்கிறாள், சாமி சிரிக்கலாமா? சிரிப்பை எடுத்தால் கோபமாக இருக்கிறாள்.

குரூப்பில் எழுதத் தெரியாதவர்கள் போனில் கூப்பிட்டார்கள். அதிலும் அம்மாக்கண்ணு. சாப்பிட்டுக் கட்டிலில் சாய்ந்ததும் அவளுக்குச் சாமி நினைப்பு வரும்.

"ஏத்தா, என்ன பண்ற?"

"சும்மாதேன் இருக்கேன் மதினி."

"அந்த மூக்குத்தி இடப்பக்கமா போட்டிருக்க? நல்லாப் பாரு. எனக்கென்னமோ கண்ணுக்குள்ளயே நிக்குது."

மூக்குத்தியில் தொடங்கிய பேச்சு பள்ளத்தூர் பஸ், முழங்கால் வலி, சின்ன மருமகளின் சமையல் என்று சுற்றிவிட்டு முடியும்போது பால் வைக்கிற நேரம் வந்துவிடும். படத்தையும் தொட்டிருக்க மாட்டாள், கண்ணையும் மூடியிருக்க மாட்டாள்.

ஒவ்வொருவர் சொன்னதையும் தனித்தனி லேயரில் வைத்துக்கொண்டு வந்தாள், நாளைக்கே மாற்றச் சொன்னால் மாற்ற வேண்டுமே. ஆனால் பழைய போன், எத்தனையைத்தான் தாங்கும்? கையில் தோசைக்கல் மாதிரி சுட்டது. ஒரு நாள் இனி லேயர் சேர்க்க இடமில்லை என்று காட்டிவிட்டது. வேறு வழியில்லாமல் இரண்டு மூன்றை ஒன்றாகச் சேர்த்தாள். ஒன்றாக ஒட்டிவிட்டால் பிறகு பிரிக்க முடியாது. சேலையை மட்டும் தனியாகவே வைத்திருந்தாள். அதன் நிறம்தான் வாரத்துக்கு ஒரு தரம் மாறிக்கொண்டிருந்தது.

"உங்க சாமிக்கு வர்ற கமெண்ட் எங்க சர்ச்சுக் கட்டடக் கமிட்டிக்குக் கூட வரலைக்கா" என்று சிரித்தாள் ஷீலா. சுபலட்சுமிக்குச் சிரிக்கத் தெம்பில்லை.

மாசி நெருங்கியது. குரூப்பில் சோணைமுத்துவின் குரல் பதிவுகள் கூடிக்கொண்டே போயின. ஒரு மத்தியானம் சுபலட்சுமி முகம் இருந்த லேயரை மொத்தமாக அழித்துவிட்டு வெறித்துக்கொண்டிருந்தாள். இந்தக் குடும்பத்துப் பெண்கள் எல்லாருக்கும் பொன்னழகி மூக்கு என்று ஒரு பேச்சு உண்டு. அதைத்தான் எல்லாரும் மனசில் வைத்துக்கொண்டு குறை சொல்கிறார்கள் என்று தோன்றியது. பள்ளத்தூர் வீட்டுச் சுவரில் அம்மாக்கண்ணுவின் பழைய ஸ்டுடியோ போட்டோ ஒன்று தொங்கும். கல்யாணத்துக்கு முன்னால் எடுத்தது, கறுப்பு வெள்ளை. எப்போதோ ஒரு தரம் அதைப் போனில் படம் பிடித்து வைத்திருந்தாள். தேடி எடுத்து, கடைசித் தாளாக அடியில் வைத்து, நிறத்தை மங்கலாக்கி, அதன்மேல் கோடு போட்டாள். நெற்றி, மூக்கு, சிரிப்பா கோபமா என்று சொல்ல முடியாத அந்த வாய். கை தானாகப் போனது. நிறம் கொடுத்து முடித்ததும் அடியிலிருந்த போட்டோவை எடுத்துவிட்டாள். மேலே மாலை போட்டாள், பக்கத்தில் குத்துவிளக்கு ஏற்றினாள், விளக்கு வெளிச்சத்தைக் கன்னத்தில் தடவினாள். போன் மறுபடி இடமில்லை என்றதும் முகம், மாலை, விளக்கு, வெளிச்சம் எல்லாவற்றையும் ஒன்றாக ஒட்டி அனுப்பிவிட்டாள். தப்பு என்று அப்போது தோன்றவில்லை. முடிந்தால் போதும் என்று மட்டும்தான் இருந்தது.

குரூப்பில் ஒருவர் கூடக் குறை சொல்லவில்லை. கும்பிட்ட கைகளாக வந்து விழுந்தன. அம்மாக்கண்ணு போனில் அழுதாள்.

"அப்படியே நம்ம பொன்னழகிதேன்டி. எங்கயோ பார்த்த மொகம் மாதிரியே இருக்கு. மேலெல்லாம் புல்லரிச்சுப் போச்சு."

அது யார் முகம் என்று சுபலட்சுமிக்கு நாக்கு நுனி வரைக்கும் வந்தது. சொல்லவில்லை.

அப்போதுதான் அக்‌ஷய் எழுதினான்: "சித்தி, செம. அந்த ஆப்ல நீங்க வரைஞ்சது வீடியோவா வருமே. அதையும் போடுங்க. எல்லாரும் பார்க்கட்டும், எவ்வளவு வேலை பார்த்திருக்கீங்கன்னு."

அந்தக் கடைசி வரியில்தான் அவள் விழுந்தாள். எவ்வளவு வேலை என்று யாராவது பார்க்கட்டும் என்று கல்யாணமாகி வந்த நாளாக அவளுக்கு ஆசை இருந்திருக்கும் போல. வரைகிற ஒவ்வொரு கோட்டையும் அந்த ஆப் தன்பாட்டுக்குப் பதிவு செய்துகொண்டே வரும். இரண்டு மாத உழைப்பைக் கண் மூடித் திறப்பதற்குள் ஓட்டிக் காட்டும். எடுத்துப் பார்க்காமலே அனுப்பிவிட்டு, போய்ப் பால் வைத்தாள்.

காப்பியைக் குடித்துவிட்டு வந்து பார்த்தால் குரூப்பில் சத்தமே இல்லை. ஏதோ சரியில்லை என்று வீடியோவைத் தானும் ஓட்டிப் பார்த்தாள். சேலை நிறம் மாறி மாறி ஓடியது, தண்டட்டி வந்தது, போனது. பிறகு பளிச்சென்று, திரை நிறைய, கறுப்பு வெள்ளையில் அம்மாக்கண்ணு. அவள் மேல் கோடு விழுந்து, நிறம் ஏறி, கழுத்தில் மாலை விழுந்து, பக்கத்தில் விளக்கு எரிந்தது.

சோணைமுத்து கூப்பிட்டார்.

"ஏம்மா, உனக்கு அறிவிருக்கா? உசுரோட இருக்கவளுக்கு மாலை போட்டு வெளக்கேத்தி வச்சிருக்க? அக்கா அங்குட்டுச் சோறு தண்ணி இல்லாம படுத்துக் கெடக்கு. 'எனக்கு நாள் குறிச்சிட்டா'ங்குது!"

"அத்தான், நான் மூக்குக்காகத்தேன்..."

"மூக்குக்கு வேற ஆள் கெடைக்கலயா? அந்த மூஞ்சியை எடுத்துட்டுப் படத்தைக் குடு. நாலு நாள்ல படைப்பு."

காளிராஜ் வேலை விட்டு வந்து, கிரீஸ் கையைக் கழுவிக்கொண்டே முழுவதையும் கேட்டான். துண்டை எடுத்துத் துடைத்துக்கொண்டான்.

"எங்க அக்கா மூஞ்சிதேன் கெடைச்சுச்சா உனக்கு?" என்றான். துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு, "ஆனா நல்லாத்தேன் இருக்கு" என்றான்.

"அதை எடுக்க முடியாதுங்க. மாலை, வெளக்கு எல்லாம் அதோட ஒட்டிப் போச்சு. புதுசா ஒரு மொகந்தேன் போடணும்."

"போட்டுரு."

"யாரு மொகத்தைப் போட? உங்க மொகத்தைப் போடவா?"

அவன் சாப்பிட உட்கார்ந்துவிட்டான்.

மறுநாள் சாயங்காலம் ஷீலா பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் வாசலிலேயே நின்று நடந்ததைக் கேட்டாள். கேட்டுவிட்டு, "எங்க மாதா படத்தையே பாருங்க. அதை மொதல்ல வரைஞ்சவன் முன்னாடி எவளோ ஒருத்தி இடுப்பு வலிக்க உட்கார்ந்துதானே இருந்திருப்பா?" என்றாள். "யாருன்னு தெரியலை. அதனால ஒரு சண்டையும் இல்லை."

"எங்களுக்குத் தெரிஞ்சு போச்சே டீச்சர்."

"அதான் வம்பு. வீடியோவை எதுக்குப் போட்டீங்க?"

சுபலட்சுமி வாசற்படியில் கிடந்த செருப்பை ஓரமாகத் தள்ளினாள். பதில் சொன்னால் அழுகை வந்துவிடும் போலிருந்தது. இதற்குப் போய் அழ வேண்டுமா என்று அலுப்பாகவும் இருந்தது.

அடுத்த மத்தியானம் போன் ஒரு தரம் கூட ஒலிக்கவில்லை. அம்மாக்கண்ணு கோபத்தில் இருந்ததால் கிடைத்த அமைதி. இரண்டு மாதத்துக்குப் பிறகு அந்தப் பொழுது முழுசாகக் கையில் இருந்தது, ஆனால் அதில் உட்கார்ந்து அம்மாக்கண்ணுவின் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியிருந்தது. அந்த லேயரின் கண் குறியைத் தொட்டாள். முகம் போனது, மாலை போனது, விளக்கு போனது. சேலை மட்டும் ஆளில்லாமல் நின்றுகொண்டிருந்தது.

கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு படத்தில் நின்ற அந்தச் சேலையை மடிக்க ஆரம்பித்தாள்.

பல காலமாகச் சேலைக் கரையோடு மாரடிக்கிறவள். மடித்த சேலையில் கட்டம் எந்த இடத்தில் முறியும், கரை எந்த மடிப்புக்குள் ஒளிந்து எங்கே எட்டிப் பார்க்கும் என்பதை யோசித்துப் போட வேண்டியிருக்கவில்லை. முந்தி மேலாக வர மடித்தாள். நிறத்தை அரக்காக்கினாள். அடியில் இன்னொரு லேயரில் ஓலைப் பெட்டி. மூடி பாதி திறந்து சாய்ந்திருந்தது. சோணைமுத்து வீட்டுப் பெட்டியில் ஓர் ஓரம் பிரிந்து நூல் போட்டுக் கட்டியிருக்கும். அதையும் போட்டாள். விளக்கு வேண்டாம் என்று விட்டுவிட்டாள், வீட்டில் உண்மை விளக்கே எரியுமே. ஆக மொத்தம் மூன்றே லேயர். போன் சுடவில்லை.

அனுப்பினாள். இந்த முறை வீடியோ இல்லை.

"இது நம்ம பெட்டியில்ல?" என்றார் சோணைமுத்து, குரல் பதிவில். கொஞ்சம் கழித்து இன்னொன்று: "இதை வரையவா ரெண்டு மாசம்?" பிறகு மூன்றாவது: "சரி. இதுல யாரும் ஒண்ணும் சொல்ல முடியாது. பிரிண்ட் போடக் குடுத்துர்றேன்."

சொன்னார்கள்தான். மூடி கொஞ்சம் பெரிசு என்று ஒருவர் எழுதினார். அவருக்கு யாரும் பதில் போடவில்லை.

படைப்பன்று கோவிலூர் வீட்டில் பூஜை அறைச் சுவரில் படத்துப் பெட்டியும், அதற்கு நேர் கீழே நிஜப் பெட்டியும் இருந்தன. வந்தவர்கள் மேலேயும் கீழேயும் பார்த்துவிட்டு விழுந்து கும்பிட்டார்கள். அம்மாக்கண்ணு நெற்றி நிறையத் திருநீறோடு வந்திருந்தாள். சுபலட்சுமி "வாங்க மதினி" என்றதற்குச் சுவரைப் பார்த்துத் தலையசைத்தாள். பந்தியில் பாயசம் ஊற்றப் போனபோது இலையைக் கையால் மறைத்துக்கொண்டாள். சுபலட்சுமி தூக்குவாளியோடு அடுத்த இலைக்கு நகர்ந்தாள்.

எல்லாம் முடிந்து கொல்லைப்பக்கம் அண்டாவைத் தேய்த்துக்கொண்டிருந்தபோது பின்னால் செருப்புச் சத்தம் கேட்டது. அம்மாக்கண்ணு துவைகல் மேல் உட்கார்ந்து முழங்காலை நீவிக்கொண்டாள்.

"நல்லாத் தேயி. அடியில ஒட்டியிருக்கு பாரு."

"தேய்க்கிறேன் மதினி."

"என்னைக் கொல்லப் பார்த்தியேடி."

"மன்னிச்சுக்கங்க மதினி. நான் அப்படி நினைச்சுப் போடலை."

அம்மாக்கண்ணு அங்குட்டும் இங்குட்டும் பார்த்துக்கொண்டாள். இடுப்பிலிருந்து போனை எடுத்தாள்.

"அந்த வீடியோவை நான் அழிக்கலை" என்றாள் குரலைத் தாழ்த்தி. "பார்த்துக்கிட்டே இருக்கேன். மொதல்ல நாந்தேன் வாரேன். அப்புறம் கொஞ்சங்கொஞ்சமா நான் போயிட்டு அவ வந்துர்றா. ஆனா நடுவுல ஒரு எடம் இருக்கு. கலரு ஏறிருது, மாலை இன்னும் விழலை. இந்தா, இந்த எடம். வெரலை வச்சு நிறுத்தி நிறுத்திப் பார்க்க வேண்டியிருக்கு. ஓடிப் போயிருது."

திரையைக் காட்டினாள். விரல் பட்டு மங்கிய திரையில் பத்தொன்பது வயது அம்மாக்கண்ணு நிறத்தோடு இருந்தாள்.

"நான் அம்புட்டு அழகாவா இருந்தேன்?"

"போட்டோவுல உள்ளதைத்தேன் வரைஞ்சேன் மதினி."

"எங்க வீட்டுக்காரர் போய்ச் சேர்ற வரைக்கும் ஒரு வார்த்தை சொன்னதில்லையே" என்றாள். உடனே, "அந்த மனுசனுக்குப் பசி ஒண்ணுதேன் தெரியும்" என்று அதை முடித்தும் வைத்தாள். "இந்த எடத்தை மட்டும் எனக்குப் படமாக் குடு. மாலை கீலை வேணாம். தோடு கொஞ்சம் பெரிசா இருக்கட்டும்."

சுபலட்சுமி கையைக் கழுவிக்கொண்டாள். இடுப்பு பிடித்தது. நிமிர நேரமானது.

"வீடியோவுல இருந்து எடுத்தா மங்கலா வரும், படத்துல இருந்தும் பிரிச்சு எடுக்க முடியாது மதினி. எல்லாம் ஒட்டிப் போச்சு. முதல்ல இருந்து வரையணும்."

"வரையேன். உனக்கென்ன, மத்தியானத்துல சும்மாதேன்..."

சொல்லிக்கொண்டே வந்தவள் சுபலட்சுமியின் முகத்தைப் பார்த்து நிறுத்தினாள்.

"வரைஞ்சு தாரேன்" என்றாள் சுபலட்சுமி. "எனக்கு முடியுறப்ப. காலையில கூப்பிடுங்க, பொழுது சாஞ்சு கூப்பிடுங்க. மத்தியானத்துல மட்டும் கூப்பிடாதீக."

"அடி ஆத்தி! நீ என்ன கலெக்டரா, நேரம் குடுக்க?"

"ஆமா மதினி. மத்தியானத்துக்கு மட்டும் கலெக்டர்."

அம்மாக்கண்ணு சிரிக்கவும் இல்லை, கோபிக்கவும் இல்லை. போனை இடுப்பில் செருகிக்கொண்டு, "அண்டாவை வெயில்ல கவுத்து வையி" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

மறுநாள் சுபலட்சுமி ஃபேனுக்குக் கீழே தலையணையைச் சாய்த்து உட்கார்ந்தாள். புதுத் தாள் ஒன்றைத் திறந்தாள். அடியில் அந்தப் போட்டோவை வைத்து மங்கலாக்கினாள். நெற்றிக்கு ஒரு கோடு போட்டாள். போன் ஒலிக்கிறதா என்று இரண்டு தரம் பார்த்தாள். ஒலிக்கவில்லை. மூக்கைத் தொடங்குமுன்னே பேனா விரலிலிருந்து நழுவியது. போன் மடியில் வெளிச்சம் குறைந்து, தானாக அணைந்தது. பால் வைக்கிற நேரம் வரைக்கும் அவள் தூங்கினாள்.